ஒற்றைத் தலைவலிக்காரரை உடற்பயிற்சி செய்யச் சொல்வது நியாயமா?

4 ஜனவரி 2025, கோலாலம்பூர் கெப்போங் வாசகியின் கேள்வி

கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மருத்துவர் வலி வராமல் தடுக்க ப்ரோப்ரனலால் மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று ஒரு வரியும் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கணவர் என்னை ஜிம்மில் சேர்த்துவிட்டார். டிரெட்மில்லில் ஓடிய இரண்டாம் வாரமே வலது பொட்டில் அடிக்கத் தொடங்கி, வாந்தியோடு வீடு திரும்பினேன். உடற்பயிற்சி தலைவலிக்கு நல்லது என்பது தலைவலியே வராதவர்கள் கண்டுபிடித்த வாதம் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 ஜனவரி, இரவு, என் பதில்

மறுக்கிறேன், ஆனால் பாதியை மட்டும். மீதிப் பாதி மருத்துவ நூலிலேயே உங்கள் பக்கம் இருக்கிறது. சர்வதேசத் தலைவலிக் கழகம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, ஒற்றைத் தலைவலி என்று சொல்ல வலி 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்க வேண்டும். ஒரு பக்கமாக இருப்பது, துடிப்பது, மிதமாகவோ கடுமையாகவோ இருப்பது, நடந்தாலோ படியேறினாலோ கூடுவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அசைந்தால் வலி கூடுவது நோயைக் கண்டுபிடிக்கும் அடையாளங்களுள் ஒன்று என்னும்போது, அந்த நோயாளி அசையப் பயப்படுவதைச் சோம்பல் என்று பெயரிடுவது அநியாயம்.

நான் மறுக்கும் பாதி இது: வலி பிடித்திருக்கும் நேரத்தில் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதும், வலியில்லாத நாட்களில் செய்யும் பயிற்சி அடுத்த மாதத்து வலிகளின் எண்ணிக்கையை என்ன செய்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். உங்கள் மருத்துவர் இரண்டாவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதை ஒரே வரியில் சொன்னதுதான் குறை. மாத்திரைக்கு அளவு, வேளை, எத்தனை மாதம் என்றெல்லாம் எழுதித் தருகிறவர்கள் உடற்பயிற்சிக்கு மட்டும் ஏன் எதையும் எழுதுவதில்லை என்பது எனக்கும் பல்லாண்டுக் குறை.

5 ஜனவரி

"வேர்த்து ஊற்றினால் தலைவலி இறங்கிவிடும்" என்று ஈப்போவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். சாதாரண இறுக்கத் தலைவலியாக இருந்தால் ஒரு நடை போய்வந்ததும் தேறுகிறவர்கள் உண்டு. ஒற்றைத் தலைவலி ஏறிவிட்ட பிறகு அந்தச் சோதனை வேண்டாம். அந்த நேரத்துக்கு உரியவை மருத்துவர் கொடுத்த வலி மாத்திரை, இருட்டறை, தண்ணீர், தூக்கம். கோடாலித் தைலம் தேய்ப்பவர்கள் தேய்த்துக்கொள்ளலாம். வீட்டில் மற்றவர்களுக்கு அந்த வாசனையால் தலைவலி வராத வரையில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

11 ஜனவரி

ஆதாரம் கேட்டவர்களுக்காக. எனக்கு மிகவும் பயன்பட்ட ஆய்வு சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் எம்மா வார்க்கி என்ற இயன்முறை மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்து 2011இல் வெளியிட்டது. ஒற்றைத் தலைவலி உள்ள 91 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் உடற்பயிற்சி செய்தது. இன்னொன்று தளர்வுப் பயிற்சி செய்தது. மூன்றாவது டோபிரமேட் என்ற தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டது. மூன்று மாதச் சிகிச்சைக்குப் பிறகு, மாதத்தில் வலி வரும் தடவைகளின், அதாவது தாக்குதல்களின், எண்ணிக்கை உடற்பயிற்சிக் குழுவில் சராசரியாக 0.93, தளர்வுக் குழுவில் 0.83, மாத்திரைக் குழுவில் 0.97 என்ற அளவில் குறைந்திருந்தது. இந்த மூன்றுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பக்கவிளைவுகள் மாத்திரைக் குழுவில் மட்டுமே வந்தன. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வந்தன. டோபிரமேட் சாப்பிட்ட காலத்தில் விரல் நுனி மரத்துப்போவதும், வாய்வரை வந்த பெயர் வெளியே வராமல் நிற்பதும் எப்படி இருக்கும் என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு வாடிக்கையாளர் பெயர் மறந்துபோவது சிறிய தொந்தரவாகாது.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். பெயர்பெற்ற தடுப்பு மருந்து ஒன்றுக்கு உடற்பயிற்சி ஏறக்குறைய ஈடுகொடுத்திருக்கிறது என்பது ஒரு வாசிப்பு. மூன்றுமே மாதத்துக்கு ஒரு தாக்குதலைக்கூட முழுதாகக் குறைக்கவில்லை என்பது மற்றொன்று. உடற்பயிற்சியால் தலைவலி அடியோடு போய்விட்டது என்று காணொளியில் பேசுகிறவர்கள் முதல் வாசிப்பைப் பத்து மடங்கு ஊதிப் பெருக்குகிறார்கள்.

12 ஜனவரி

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு கேள்வி உறுத்தியது. சும்மா உட்கார்ந்து தசைகளைத் தளர்த்தியவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்திருக்கிறது என்றால், பலனைத் தந்தது கால்களின் உழைப்பா, அல்லது யாரும் தொந்தரவு செய்யாமல் கிடைத்த அந்த நேரமா? உடற்பயிற்சி ஆய்வுகளில் யாருக்கு என்ன சிகிச்சை என்பதை மறைக்க முடியாது. சைக்கிள் மிதிப்பவருக்குத் தாம் மிதிப்பது தெரியும். ஆகவே எதிர்பார்ப்பின் பங்கையும் கழித்துவிட்டே பார்க்க வேண்டும். எண்டார்பின் (உடலே சுரக்கும் வலி தணிப்பான்), தூக்கம், மன அழுத்தம், உடல் எடை என்று விளக்கங்கள் பல இருக்கின்றன. உடல் பருமன் இருந்தால் எப்போதாவது வரும் தலைவலி நாட்பட்ட தலைவலியாக மாறும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் தெரிந்ததே.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கான ஒரு முடிவு. ஓடினால் வலி வருகிறவர் மூச்சுப் பயிற்சியிலும் தசைத் தளர்விலும் தொடங்கலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சேர்த்துப் பலன் வேண்டுமென்று நினைக்கிறவர் அதன்மேல் நடையைக் கூட்டிக்கொள்ளலாம். பினாங்கில் எங்கள் தலைமுறையில் சர்க்கரை இல்லாத குடும்பம் எது?

18 ஜனவரி

"எவ்வளவு வேகம் என்று சொல்லாமல் 40 நிமிடம் என்று மட்டும் சொன்னால் எப்படி?" என்று பட்டர்வொர்த் வாசகர் கேட்டது மிகச் சரியான கேள்வி. 2009இல் இதே சுவீடன் குழுவினர் சோதித்த உள்ளரங்க சைக்கிள் திட்டத்தில் 15 நிமிடம் உடலைச் சூடேற்றுவதற்கும், 20 நிமிடம் முக்கியப் பயிற்சிக்கும், 5 நிமிடம் ஆறுவதற்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோவது அந்த முதல் 15 நிமிடத்தைத்தான். கெப்போங் வாசகி டிரெட்மில்லில் ஏறியதும் ஓடத் தொடங்கினாரா என்று கேட்கலாமென்று நினைத்தேன். கேட்பதற்கு முன்பே "ஆம், நேரம் இல்லை" என்று அவரே பின்னூட்டத்தில் எழுதிவிட்டார்.

வேகத்தை அளக்க அவர்கள் பயன்படுத்தியது, உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நாமே எண்ணால் சொல்லும்படி குன்னர் போர்க் வகுத்த அளவுகோல். 6 என்றால் எந்த உழைப்பும் இல்லை, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. சூடேற்றும்போது 11 முதல் 13 வரை. முக்கியப் பகுதியில் 14 முதல் 16 வரை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த இயன்முறை மருத்துவப் பெண்ணின் அறையில் சைக்கிள் சுவரைப் பார்த்து நின்றது. வெளிச்சம் கண்ணில் அடிக்காதபடி சன்னல் திரைகளை இறக்கியிருந்தார்கள். கைப்பிடிக்கு மேலே பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை ஒன்று, எண்களுக்கு எதிரே மலாய்ச் சொற்களோடு ஒட்டப்பட்டிருந்தது.

"எண் சொல்லுங்க, ஆன்ட்டி."

"பதினொன்று."

"பதினொன்றுக்கு ஏன் தோள்பட்டை காது வரைக்கும் ஏறியிருக்கு?"

குனிந்து பார்த்தேன். விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்குக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். தாடையும் கடித்தபடி இருந்தது. அந்தப் பெண் இருக்கையை ஒரு துளை உயர்த்தினார்; எட்டிப் பிடிக்க வேண்டியிராதபடி கைப்பிடியை என் பக்கம் இழுத்து வைத்தார்; இரண்டு விரல்களால் மட்டும் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னார். கால்களின் வேகம் மாறவில்லை, கழுத்தின் பாரம் இறங்கியது. அதற்கு முன்பு நான் "சைக்கிள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த வலியில் பெரும்பங்கு பிடரியிலிருந்து கிளம்பியது என்பதை அன்று உணர்ந்தேன். பிடரியிலிருந்து வரும் நரம்புகளும் முகத்துக்குரிய முக்கிளை நரம்பும் மூளைத்தண்டின் ஒரே பகுதியில் வந்து சேர்கின்றன. ஒன்றின் வலி மற்றதாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: அந்த மருந்து இதயத் துடிப்பை அடக்கி வைக்கும். 220இலிருந்து வயதைக் கழித்துத் துடிப்பு இலக்கு வைக்கும் கணக்கும், கைக்கடிகாரம் காட்டும் எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது. கடிகாரம் இன்னும் போதாது என்று சொல்லும், நீங்கள் மூச்சிரைத்து நிற்பீர்கள். பக்கத்தில் நடப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே போதுமான அளவுகோல்.

19 ஜனவரி

"ஆன்ட்டி" என்று அழைத்ததற்காக அந்தப் பெண்ணைக் கண்டித்தேனா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அதே அறையில் என்னைவிட இளையவர் ஒருவரை "அம்மா" என்று அழைத்தார். நான் அமைதியாக மிதித்தேன்.

26 ஜனவரி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பி இரண்டு செய்திகளை ஒன்றாக எழுதியிருக்கிறார். அவற்றைப் பிரித்தே பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, எடை தூக்கும்போது இரண்டு பக்கமும் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வருகிறது என்கிறார். இது நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயமே இல்லாமல் இருக்கலாம். கடும் உழைப்பின்போதோ அதற்குப் பிறகோ மட்டும் வந்து 48 மணி நேரத்துக்குள் அடங்கும் உடற்பயிற்சித் தலைவலி என்று தனி வகை ஒன்று உண்டு. வெப்பமான வானிலையில் அது கூடுதலாக வரும், நம் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன்பு மூளை இரத்தக்கசிவு போன்றவை இல்லை என்பதை மருத்துவர் உறுதிசெய்தாக வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் வலி, வலியோடு மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் புதிய தலைவலி ஆகிய எதுவானாலும் இங்கே கேள்வி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போகவும். தம்பி, நீங்கள் இன்றே மருத்துவரைப் பாருங்கள், அதுவரை எடையைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, இரவு ஷிப்டு முடிந்து ஜிம்முக்குப் போகும் நாட்களில் வழக்கமான ஒற்றைத் தலைவலி வருகிறது என்கிறார். அங்கே பயிற்சியைவிடத் தூக்கக் குறைவை முதலில் சந்தேகிப்பேன். இன்னொன்றும் உண்டு. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள் முன்பே கொட்டாவி, எரிச்சல், இனிப்பின்மேல் ஆசை, பிடரி இறுக்கம் என்று முன்னறிகுறிகள் வந்துவிடும். பிடரி இறுகியிருக்கிறதே என்று ஒருவர் நீட்டிப் பயிற்சி செய்யவோ, மசாஜ் கடைக்கோ போகிறார். திரும்பி வருவதற்குள் வலி வருகிறது. பழி மசாஜ்காரர்மேல் விழுகிறது. புறப்பட்டுவிட்ட வலியின் கணக்கை எத்தனை நல்ல பழக்கங்கள்மேல் எழுதியிருக்கிறோமோ தெரியவில்லை. இதைப் பிரித்தறிய நாட்குறிப்பு ஒன்றே வழி: தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், கொட்டாவி, பயிற்சி, வலி, மாத்திரை.

8 பிப்ரவரி

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். விரதத்தைப் பற்றித் தனிப்பட்ட முறையில் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள், கோலாலம்பூர் அருகே பத்துமலையில் 272. ஆண்டு முழுவதும் மின்தூக்கியில் போய்வருகிறவர், வாரக்கணக்கில் ஒருவேளை உணவோடு இருந்து, முதல் நாள் இரவு தூங்காமல், நண்பகல் வெயிலில், காலை காப்பியும் குடிக்காமல், பாற்குடத்தோடு ஏறுகிறார். ஒற்றைத் தலைவலியைத் தூண்டுபவை என்று மருத்துவர் எழுதித் தரும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் நிறைவேற்றினால்கூட இவ்வளவு சரியாக அமையாது. இதில் தவறு படிகளுடையதாக இருக்க முடியாது.

முருகனை விட்டுவிடச் சொல்ல நான் யார்? நானும் போகிறேன். சில வாரங்களுக்கு முன்பே படியேறிப் பழகுவது, ஒருவேளை உணவை வெயில் ஏறும் வேளைக்கு முன்பு வைத்துக்கொள்வது, தண்ணீரையும் மோரையும் விரதத்தில் விலக்காமல் இருப்பது, காப்பியை ஒரே நாளில் வெட்டாமல் சிறிது சிறிதாகக் குறைப்பது, சூரியன் வருவதற்கு முன்பே ஏறிவிடுவது ஆகியவை நேர்த்திக்கடனுக்கு முரணானவையென்று எந்தப் பூசாரியும் என்னிடம் சொன்னதில்லை. இந்த மாதத்தில் பினாங்கில் ஏழரை மணியளவில்தான் சூரியன் தலைகாட்டும் என்பதால் அதற்கு நேரமும் இருக்கிறது.

13 பிப்ரவரி

ஏறினேன், இறங்கினேன். வலி வரவில்லை. இதை ஆதாரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் வராமல் இருப்பதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். மேளச் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1 மார்ச்

சூலியா தெருவிலிருந்து ஒரு சகோதரி, நாளை நோன்பு தொடங்குகிறது, மாலை நடையைத் தொடரலாமா என்று கேட்கிறார். நோன்பு நாளில் பிற்பகலுக்கு மேல்தான் தலை கனக்கத் தொடங்கும் என்று எனக்குத் தெரிந்த நோன்பாளிகள் பலர் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் வெறும் வயிற்றோடு, தண்ணீரும் இல்லாமல் விறுவிறுவென்று நடப்பதை ஒற்றைத் தலைவலி உள்ளவர் தவிர்ப்பது நல்லது. நோன்பு திறந்து, சாப்பாடு செரித்த பிறகு அரை மணி நேர நடை போதும். விடியலுக்கு முந்தைய சஹர் உணவையும் அந்த வேளைக் காப்பியையும் விடாதீர்கள். தடுப்பு மாத்திரையின் வேளைகளை மாற்றுவதற்கு மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் தாக்குதல் கடுமையானால் மாத்திரைக்காக நோன்பை விடுவது பற்றி உங்கள் உஸ்தாத் சொல்வார். அது என் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை.

16 மார்ச்

யோகாவா, எடையா என்ற சண்டை வாசகர்களிடையே நீண்டுகொண்டே போகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களையும் மருந்தோடு யோகாவும் செய்தவர்களையும் மூன்று மாதம் ஒப்பிட்டார்கள். 114 பேர் இறுதிவரை இருந்தார்கள். யோகாவையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத் தாக்குதல்களும் வலி மாத்திரைகளும் கூடுதலாகக் குறைந்தன. மாறாக, 2022இல் 21 ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஒரு கட்டுரை தசை வலுப் பயிற்சியை முதலிடத்தில் வைத்தது. எனக்கு இரண்டிலும் முக்கியமாகப் படுவது, டெல்லி ஆய்வில் யாரையும் மருந்தைக் கைவிடச் சொல்லவில்லை என்பதே. துணைச் சிகிச்சை என்று சொல்வதன் நடைமுறை அதுதான்.

யோகா செய்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று: தலைகீழாக நிற்கும் ஆசனங்களை நான் விட்டுவிட்டேன். தலைக்குள் அழுத்தம் ஏறும் உணர்வு எனக்குப் பிடிக்கவில்லை, வேறு ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. எடைப் பயிற்சியில் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். "வலி வந்தால்தான் பலன் வரும்" என்று என்னிடம் முழங்கிய ஜிம் பயிற்றுநர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தலை வலித்ததே இல்லையாம்.

5 ஏப்ரல்

கெப்போங் வாசகி திரும்பி வந்திருக்கிறார். தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறாராம். முதல் கால்மணி நேரம் ஊர்ந்தேதான் போகிறாராம். தாக்குதல்கள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, வருகிறபோது மட்டும் பழைய கடுமை அப்படியே இருக்கிறது என்கிறார். நம்பத்தகுந்த அறிக்கை. கூடவே இரண்டு கேள்விகள்.

வலி மாத்திரை எவ்வளவு வரைக்கும் சரி? பனடோல் (பாராசிட்டமால்) போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள ட்ரிப்டான், எர்கோடமின் வகைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு அதிகமாகத் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரைகளே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். அந்தச் சுழலில் இருக்கிறவர் எத்தனை சுற்று நடந்தாலும் பலன் தெரியாது. முதலில் அதை மருத்துவரின் துணையோடு அவிழ்க்க வேண்டும்.

நடை பலன் தருகிறது என்பதால் ப்ரோப்ரனலாலை நிறுத்திவிடலாமா? நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைச் சட்டென்று விட்டால் அடக்கி வைத்திருந்த துடிப்பு எகிறும். இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆபத்து. பல மாதங்கள் நன்றாக இருந்த பிறகு மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதற்கு அவர் பார்க்க விரும்புவது நாட்குறிப்பை. ஜனவரியிலிருந்து எழுதியது இருந்தால் அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். எழுதவில்லை என்றால் இன்று தொடங்குங்கள், சந்திப்பை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள், மாத்திரை அதுவரை அப்படியே இருக்கட்டும்.